விசைகளின் கதை – 14: கழித்தல் குறி

'மாறிலி' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் எனக்கு ஒரு பரிதாபம் வரும். மாறாதது என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டோம். ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி போன்றவை பெயரைக் காப்பாற்றும் நல்ல பிள்ளைகள். இந்த வாரக் கதாநாயகன் அந்த ரகம் இல்லை. பெயர் பிணைப்பு மாறிலி. ஒரு விசை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண். எத்தனை கிட்டே போய் அளக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி அது மாறும். மாறிலி மாறுகிறது என்பதை ஒத்துக்கொள்வதில் பெரிய சிக்கல் இல்லை. எந்தப் பக்கமாக மாறுகிறது, கூடுகிறதா குறைகிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் இயற்பியல் இருபது வருஷம் தடுமாறியது.

சென்ற இதழில் இரண்டு எண்களோடு நிறுத்தியிருந்தோம். ஒன்று, 1916-ல் சோமர்ஃபெல்ட் அறிமுகப்படுத்திய 1/137. மின்காந்த விசையின் பலம். சிறிய எண் என்பதால் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். முதல் தோராயத்தைப் போட்டுவிட்டால் அடுத்த திருத்தம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்கடுத்தது அதிலும் சொற்பம். இரண்டாவது எண், புரோட்டானும் பை-மேசானும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பலம். அது ஏறத்தாழ 14. இங்கே ஒவ்வொரு திருத்தமும் முந்தையதை விழுங்கிக்கொண்டு வளரும். வட்டிக்கு வட்டி போட்ட கந்துக்கடன் மாதிரி, கணக்கு எங்கேயும் போய் முடியாது.

இனி, இந்த எண்கள் ஏன் மாற வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வெற்றிடம் என்று நாம் சொல்வது உண்மையில் வெறும் இடம் இல்லை. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடி ஜோடியாகக் கணநேரம் தலைகாட்டி மறைந்துகொண்டே இருக்கின்றன. நடுவில் ஒரு எலக்ட்ரானைக் கொண்டுபோய் வைத்தால், அந்தக் கணநேர ஜோடிகளில் பாசிட்ரான்கள் அதன் பக்கம் கொஞ்சம் சாயும்; எலக்ட்ரான்கள் கொஞ்சம் ஒதுங்கும். தூரத்தில் நிற்பவருக்கு நடுவிலுள்ள மின்னூட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஈரவிறகு எரிகிற அடுக்களையில் ஒரு சிம்னி விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் நின்றால் புகைக்குள் ஒரு மங்கல் பொட்டு. கிட்டே போகப் போகப் பிரகாசம் கூடும், நமக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கிற புகை குறைவதால். சோமர்ஃபெல்டின் 1/137 வாசற்படி வெளிச்சம். பிற்காலத்தில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதவிட்டு அளந்தபோது அது 1/128 அளவுக்கு ஏறியிருந்தது. அது புகைக்குள் நாலு எட்டு நடந்துபோய்ப் பார்த்த வெளிச்சம்.

இந்த மாற்றத்தைக் கணக்காக எழுதும் வழியை ஸ்ட்யூக்கெல்பெர்க்கும் பீட்டர்மானும் 1953-லும், அவர்களோடு தொடர்பில்லாமல் முர்ரே கெல்-மானும் ஃபிரான்சிஸ் லோவும் 1954-லும் கண்டுபிடித்தார்கள். அந்தச் சமன்பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. தூரம் குறையும்போது பிணைப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அது சொல்லும். அதில் நம் கதைக்கு வேண்டியது முன்னால் நிற்கும் குறி மட்டும். கூட்டல் குறி என்றால் கிட்டே போகப் போக விசை வலுக்கும், புகைக்குள் விளக்கு. கழித்தல் குறி என்றால் கிட்டே போகப் போக விசை தளரும். அப்படி ஒரு விசை இருக்க முடியும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

யாரும் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. மாஸ்கோவில் லெவ் லாண்டாவ், அப்ரிகோசோவ், கலாத்னிகோவ் மூவரும் அதே 1954-ல் மின்காந்தத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். முதலில் வந்தது கழித்தல் குறி! கிட்டே போனால் மின்னூட்டம் தளர்கிறது என்றதும் லாண்டாவுக்கு உற்சாகம். நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. பொமெராஞ்சுக்கின் குழுவிலிருந்த கலானின், இயோஃபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே கணக்கைத் தாங்களும் போட்டுப்பார்த்து, பெரியவர் குறியில் சறுக்கியிருக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். திருத்தியபோது கூட்டல் குறி வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு முழுக் கணக்கையும் கோட்டைவிட்ட என் போன்றவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு.

கூட்டல் குறியோடு லாண்டாவ் அங்கேயே நிற்கவில்லை. கணக்கை அதன் எல்லைவரை விரட்டினார். புகை அத்தனை அடர்த்தி என்றால், உள்ளே எவ்வளவு பெரிய விளக்கை ஏற்றினாலும் வாசற்படிக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் வரக்கூடாது. கோட்பாட்டை ஒழுங்காகப் பின்பற்றினால் வெளியே தெரியும் மின்னூட்டம் சைபர். ஆனால் மின்னூட்டம் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் பல்பு எரிகிறது. அப்படியானால் கோட்பாட்டில்தான் கோளாறு. மின்காந்தத்தில் இந்தக் கோளாறு தலைகாட்டும் தூரம் கற்பனைக்கும் எட்டாத அளவு சிறியது. அதைப் பார்க்காதது போல இருந்துவிடலாம். பிணைப்பு 14 ஆக இருக்கும் வன்விசைக்கோ ஆபத்து வாசலிலேயே நிற்கிறது. இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான புலக்கோட்பாடு இறந்துவிட்டது, உரிய மரியாதையோடு அடக்கம் செய்துவிட வேண்டியதுதான் என்ற பொருள்பட 1960-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதினார். 1962 ஜனவரியில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு லாண்டாவால் ஆராய்ச்சிக்குத் திரும்ப முடியவில்லை. தீர்ப்பு மட்டும் அமலில் இருந்தது.

அமெரிக்காவில் பெர்க்லியின் ஜெஃப்ரி சூவும் ஏறக்குறைய அதையே வேறு வழியில் சொல்லிக்கொண்டிருந்தார்: புலங்களை மறந்துவிடுங்கள், உள்ளே போகும் துகளையும் வெளியே வரும் துகளையும் மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள் என்று. அவரிடம் 1966-ல் முனைவர் பட்டம் பெற்ற மாணவர் ஒருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: டேவிட் கிராஸ்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழப்பம் முளைத்தது. அங்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஒரு முடுக்கி கட்டியிருந்தார்கள். அதில் எலக்ட்ரான்களை விரட்டிப் புரோட்டான்மேல் அடித்து, எப்படிச் சிதறுகின்றன என்று ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் மூவரின் குழு 1967-லிருந்து பார்த்தது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் திரும்பி வந்தன. உள்ளே கடினமான, புள்ளி போன்ற பொருள்கள் இருந்தால்தான் அப்படி நடக்கும். 1968-ல் அங்கே வந்த ஃபெயின்மன் அவற்றைப் 'பார்ட்டான்கள்' என்றார். அவை குவார்க்குகள்தான் என்பது போகப் போகத் தெளிவானது.

குழப்பம் அவை இருந்ததில் இல்லை, நடந்துகொண்ட விதத்தில். அடிபட்ட குவார்க் பக்கத்தில் இருப்பவற்றோடு தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோலச் சுதந்திரமாக நடந்துகொண்டது. எந்த ஆய்வகமும் ஒரு குவார்க்கைக்கூடத் தனியே வெளியே எடுக்க முடியாத அளவு இறுக்கிப் பிடிக்கும் விசை, அவை நெருங்கியிருக்கும்போது பிடியை விட்டுவிடுகிறதா? முளைக்குச்சியில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளலாம். முளைக்கு அருகில் கயிறு தளர்ந்து கிடக்கும், மாடு இஷ்டப்படி திரும்பும். விலகிப் போகப் போகத்தான் கயிறு கழுத்தை இழுக்கும். இயற்பியலாளர் மொழியில் சொன்னால் கேட்கப்படுவது ஒரு கழித்தல் குறி.

டேவிட் கிராஸ் இதைப் புலக்கோட்பாட்டின் சவப்பெட்டிக்குக் கடைசி ஆணியாகப் பார்த்தார். அப்போது அவர் பிரின்ஸ்டனில் ஆசிரியர். திட்டம் இரண்டு படி. ஸ்டான்ஃபோர்ட் முடிவுகளை விளக்கக் கழித்தல் குறி அவசியம் என்று நிரூபிப்பது முதல் படி. எந்தப் புலக்கோட்பாட்டிலும் கழித்தல் குறி வராது என்று நிரூபிப்பது இரண்டாவது. இரண்டும் முடிந்தால் லாண்டாவ் சொன்ன அடக்கத்தை முறைப்படி செய்துவிடலாம். ஒவ்வொரு கோட்பாடாக எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கதவு பாக்கி. யாங்கும் மில்ஸும் 1954-ல் எழுதிய கோட்பாடு.

அந்தக் கதவு அதற்குள் மூன்று முறை திறக்கப்பட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

முதல் முறை 1965-ல். வன்யாஷின், தெரென்தியெவ் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள், மின்னூட்டம் உடைய, தற்சுழற்சி 1 கொண்ட துகள்கள் வெற்றிடத்தை எப்படி மாற்றுகின்றன என்று கணக்கிட்டார்கள். கழித்தல் குறி வந்தது. இது இயல்புக்கு மாறானது, அந்தக் கோட்பாட்டின் முடிவிலிகளை ஒழுங்காக நீக்க முடியாததால் வந்த கோளாறாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷம் முன்பு லாண்டாவுக்கே அந்தக் குறி தப்பாக வந்திருந்த ஊரில், அதே குறி மறுபடி வந்தால் யாராயிருந்தாலும் தன் கணக்கைத்தான் சந்தேகிப்பார்.

இரண்டாவது, 1969-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து. யோசிஃப் கிரிப்லோவிச் யாங்–மில்ஸ் கோட்பாட்டையே எடுத்துச் சரியாகக் கணக்குப் போட்டார். அவர் தேர்ந்தெடுத்த வழி அழகானது. எது மறைக்கிறது, எது பரப்புகிறது என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டியது. குறியும் சரி, எண்ணும் சரி. ஆனால் அவர் வன்விசையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் முடிவுகளும் இந்தக் கணக்கும் ஒரே மேசையில் சந்திக்கவில்லை.

மூன்றாவதுதான் மனதை அறுக்கிறது. 1972 ஜூன், பிரான்சின் மார்செய் நகரில் ஒரு கருத்தரங்கு. ஜெர்மனியின் குர்ட் சீமான்சிக் பேசினார். அவருக்கும் கழித்தல் குறி வேண்டியிருந்தது. அதற்காக, எளிமையான ஒரு கோட்பாட்டில் பிணைப்பு எண்ணையே எதிர்மறையாக வைத்துப்பார்த்தார். அப்படிச் செய்தால் ஆற்றலுக்கு அடித்தளமே இல்லாமல் போய்விடும்; தூர் இல்லாத கிணறு. அதை எப்படிச் சமாளிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 25 வயது டச்சு இளைஞர் ஒருவர் இருந்தார். ஹெரார்ட் டு ஹோஃப்ட். யாங்–மில்ஸ் கோட்பாட்டின் முடிவிலிகளை ஒழுங்காக நீக்க முடியும் என்று முந்தைய வருஷம் நிரூபித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பேச்சு முடிந்ததும் அவர் எழுந்து, யாங்–மில்ஸ் கோட்பாட்டில் அந்தக் குறி தானாகவே வருகிறது என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

சீமான்சிக்குக்குப் புரிந்துவிட்டது. இது உண்மையானால் பெரிய விஷயம், சீக்கிரம் வெளியிடு, இல்லாவிட்டால் வேறு யாராவது வெளியிட்டுவிடுவார்கள் என்று வற்புறுத்தினார். டு ஹோஃப்ட் வெளியிடவில்லை. அவருடைய ஆசிரியர் வெல்ட்மனுக்கு இதில் ஆர்வம் எழவில்லை. குவார்க் ஏன் வெளியே வருவதில்லை என்று சொல்லாதவரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். இருவருக்கும் வேறு வேலைகள் குவிந்து கிடந்தன. கரும்பலகையை யாரோ துடைத்திருப்பார்கள்.

டு ஹோஃப்ட்மேல் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. அவருக்கு அது பல கணக்குகளில் ஒன்றின் விடை. அந்த விடைக்காகவே ஒரு கேள்வி ஸ்டான்ஃபோர்டில் நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கண்ணில் அப்போது படவில்லை. கிராஸ் கையில் கேள்வி இருந்தது. ஆனால் விடை வராது என்று நம்பினார். கோட்பாட்டை நம்பியவர்கள் கோட்டைவிட, அதைக் கொல்லப் புறப்பட்டவர் கையில் வந்து விழுந்தது குறி.

யாங்–மில்ஸ் கோட்பாட்டில் அப்படி என்ன விசேஷம்? மறுபடியும் அடுக்களைக்குப் போவோம். மின்காந்தத்தைச் சுமந்து செல்லும் ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. வன்விசையைச் சுமக்கும் குளுவானுக்கோ தானே அந்த ஊட்டம் உண்டு. 'நிறம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கண்ணால் காணும் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதாவது இங்கே புகையே ஒளி விடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அடுக்களை முழுக்க ஜகஜ்ஜோதி. உள்ளே போகப் போக ஒளிவிடும் புகை நமக்குப் பின்னால் தங்கிவிடும். நடுவில் எரிவது ஒரு மினுக்கட்டாம்பூச்சி வெளிச்சம்தான் என்பது கிட்டே போனால்தான் தெரியும்.

கணக்கையும் ஒரு தடவை கிட்டே வைத்துப் பார்த்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று நிறங்கள் உள்ள வன்விசையில் குளுவான்கள் ஊட்டத்தைப் பரப்பும் வேலைக்கு 12. அதே குளுவான்கள் வழக்கமான புகை மாதிரி மறைக்கும் வேலைக்கு 1. மிச்சம் 11. குவார்க்குகள் மறைப்பது மட்டும்தான் செய்யும். வகைக்கு மூன்றில் இரண்டு பங்கு. இன்று தெரிந்த குவார்க் வகைகள் ஆறு, ஆறுக்கு 4. பதினொன்றில் நாலு போனால் 7. இந்த ஏழுதான் கெல்-மான்–லோ சமன்பாட்டில் கழித்தல் குறியோடு போய் உட்காருகிறது. குவார்க் வகைகள் பதினாறுவரை போனாலும் கழித்தல் தப்பிக்கும். பதினேழு இருந்திருந்தால் குறி மாறியிருக்கும், இந்த அத்தியாயமும் இருந்திருக்காது.

இன்று ஒரு பத்தியில் அடங்கும் கணக்கு. 1973-ல் அது பக்கம் பக்கமாக நீண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் குறி வழுக்க இடம் இருந்தது. கிராஸ் தன் ஆராய்ச்சி மாணவர், 21 வயது ஃபிராங்க் வில்செக்கோடு பிரின்ஸ்டனில் போட்டார். ஹார்வர்டில் 23 வயது டேவிட் பொலிட்சர் தனியாகப் போட்டார். அவர் தேடிப் போனது வேறொன்று, தொலைதூரத்தில் யாங்–மில்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பது. அவருடைய ஆசிரியர் சிட்னி கோல்மன் அந்த வசந்தத்தில் பிரின்ஸ்டனில் விருந்தினராக இருந்தார். பொலிட்சர் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, கழித்தல் வந்திருக்கிறது என்றார். கோல்மனிடமிருந்து வந்த பதில் ஏமாற்றம்: சுவாரசியம்தான், ஆனால் தப்பு, இங்கே கிராஸும் அவர் மாணவரும் அதே கணக்கை முடித்துவிட்டார்கள், கூட்டல் வந்திருக்கிறது.

அனுபவசாலி ஒருவரும் சூட்டிகையான மாணவரும் ஒரு பக்கம். தனியாளான ஒரு மாணவர் மறுபக்கம். யாரை நம்புவார்கள்? பொலிட்சர் காகிதங்களை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். தப்பு அகப்படவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது, ஆமாம், பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கட்டுரையும் அனுப்பியாயிற்று என்றார் கோல்மன். 1954-ன் மாஸ்கோவிலிருந்து 1973-ன் பிரின்ஸ்டன்வரை இந்தக் குறி பெரிய ஆட்களையே ஒரு தடவை வழுக்கிவிழ வைத்திருக்கிறது.

இரண்டு கட்டுரைகளும் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் 1973 ஜூன் 25-ம் தேதி அடுத்தடுத்து வெளிவந்தன. இந்தக் குணத்துக்கு அசிம்ப்டாட்டிக் ஃப்ரீடம் என்று பெயர் விழுந்தது. தமிழில் அணுகுநிலைச் சுதந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2004-ல். 31 வருஷம். பொலிட்சர் தன் நோபல் உரையில், யாருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்பதைப் பிரிப்பது எவ்வளவு சிக்கல் என்பதையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டார்; மற்றவர்களின் பங்கை மறைக்கவில்லை. பரிசு வாங்குகிற இடத்தில் நின்று அதைப் பேச ஒரு மனசு வேண்டும்.

அதற்குப் பின் நடந்தவை வேகமானவை. 14 என்று பயமுறுத்திய பழைய எண், முழுப் புரோட்டானையும் வெளியே நின்று பார்த்த கணக்கு. உள்ளே இருக்கும் குவார்க்கின் எண் அது இல்லை என்று தெளிந்தது. இன்று அளந்து வைத்திருப்பது இது: 2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வன்விசைப் பிணைப்பு சுமார் 0.33, 91-ல் 0.118. விசை தளர்ந்த இடத்தில் தோராயக் கணக்கு மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. லாண்டாவ் அடக்கம் செய்யச் சொன்ன புலக்கோட்பாடு பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இங்கேதான் ஹார்வர்டில் மூன்று பேருக்கு ஒரு யோசனை வந்தது. ஹோவர்டு ஜார்ஜை, ஹெலன் குவின், ஸ்டீவன் வைன்பெர்க். வருஷம் 1974. வன்விசை கிட்டே போகப் போகத் தளர்கிறது, வேகமாக. மென்விசையும் தளர்கிறது, மெதுவாக. (மென்விசை பெயருக்குத்தான் மென்மை. அதன் பிணைப்பு சுமார் 1/30, மின்காந்தத்தைவிடப் பெரியது. அதைச் சுமக்கும் துகள்கள் கனமாக இருப்பதால் விசை வெளியே எட்டுவதில்லை.) வரைபடத்தில் போட்டால் மூன்றாவதான மின்காந்தத்தின் கோடோ ஏறுகிறது. இரண்டு இறங்கி, ஒன்று ஏறினால் எங்காவது சந்திக்க வேண்டுமே? கோடுகளை நீட்டிப்பார்த்தார்கள். ஆற்றல் 10-ன் 15-ம் அடுக்கையும் தாண்டிய ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பகுதியில் மூன்றும் நெருங்கி வந்தன. அந்த ஆற்றலுக்கு முடுக்கி கட்ட பூமியில் இடம் கிடையாது.

ஆனால் இப்படிச் சந்திக்கும் மூன்றும் உண்மையில் ஒரே விசை என்றால் புரோட்டானும் ஒருநாள் சிதைய வேண்டும். ஒரு புரோட்டானைப் பிடித்துவைத்துக் காத்திருந்தால் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஏராளமான புரோட்டான்களை ஒன்றாகக் குவித்துவைத்து, ஒன்றாவது சிதைகிறதா என்று பார்க்கலாம். வானத்திலிருந்து விழும் காஸ்மிக் கதிர்கள் தொந்தரவு செய்யாத ஆழம் வேண்டும். அப்படி ஓர் ஆழம், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிவைத்திருந்தது, கோலார் தங்கவயலில் தயாராக இருந்தது. தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர். 1980-ல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினரும் அங்கே சுமார் 140 டன் எடையுள்ள கருவியை, பெரும்பகுதி இரும்புத் தகடு, அடுக்கடுக்காக நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

(தொடரும்)